ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எமேர்ஜென்சிக்கு எப்போது போவது, மற்ற நேரங்களில் எங்கே போவது

பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்துவிட்டது, இரண்டு நாளாகச் சலக்கடுப்பு, பனியில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் வீக்கம். புதிதாக வந்த குடும்பங்கள் வைத்தியசாலை எமேர்ஜென்சியில் இரவு முழுவதும் காத்திருப்பது பெரும்பாலும் இப்படியான காரணங்களுக்காகத்தான். இவற்றில் அநேகமானவை உயிருக்கு உடனடி ஆபத்தானவை அல்ல என்பது போகிறவர்களுக்கும் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு வேறு எந்தக் கதவு திறந்திருக்கும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. அந்தக் கதவுகள் இங்கே நிறையவே இருக்கின்றன. ஆனால், சுகமாக இருக்கும்போதே பதிந்து, எண்களைக் குறித்து, ஆவணங்களைச் சேர்த்து வைத்தவர்களுக்குத்தான் அவை வருத்தம் வரும் வேளையில் பயன்படும். அலுவலக வரிசைகளிலும் காத்திருப்பு மண்டபங்களிலும் நான் துண்டு துண்டாகக் கேட்டறிந்தவற்றை, இனி வருபவர்கள் அப்படி அலையக் கூடாது என்பதற்காக ஒரே இடத்தில் எழுதுகிறேன். இது ஒன்ராறியோ மாகாணத்துக்கு மட்டுமே பொருந்தும். கியூபெக்கிலோ அல்பேர்ட்டாவிலோ விதிகள் வேறு.

1. எமேர்ஜென்சிக்கே உரியவற்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

நெஞ்சு வலி அல்லது நெஞ்சு இறுக்கம், மூச்செடுக்க முடியாமை, முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறல், மயக்கம், வலிப்பு, அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தப்போக்கு, உணவோ மருந்தோ ஒவ்வாமல் நாக்கும் தொண்டையும் வீங்குதல், தலையில் அடிபட்ட பின் தொடர்ந்து சத்தி எடுத்தல் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுரையைத் திறந்து பார்க்கவே வேண்டாம், 911ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், குழந்தை எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் நேரே எமேர்ஜென்சிதான். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கும் 988 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆனால், உடனடி ஆபத்து என்றால் அதற்கும் 911தான்.

நெஞ்சு வலிக்காரரை உறவினரின் காரில் ஏற்றிக்கொண்டு போவது நம்மவர்களிடையே மிகவும் பரவலான பழக்கம். அம்புலன்ஸ் செலவை நினைத்தே பலர் அப்படிச் செய்கிறார்கள். ஹெல்த் காட் (மாகாணச் சுகாதாரக் காப்புறுதி அட்டை) உள்ளவர் பயணித்தது மருத்துவ ரீதியாக அவசியமானது என்று வைத்தியர் கருதினால், நீங்கள் கட்ட வேண்டிய பங்கு 45 டொலர் மட்டுமே. அவசியமற்றது என்று கருதினாலோ ஹெல்த் காட் இல்லாவிட்டாலோ 240 டொலர். பணத்தை அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை; பில் பின்னர் தபாலில் வரும். இதய அடைப்பா என்று பார்க்கும் ஈசிஜியை அம்புலன்ஸ் ஊழியர்கள் வழியிலேயே எடுத்து, அதற்குரிய வசதியுள்ள வைத்தியசாலைக்கு நேரே கொண்டுபோவார்கள். காரில் போகிறவருக்கு இந்த இரண்டும் கிடைக்காது.

இதற்கு மறுபுறமான நம்பிக்கை ஒன்றும் உண்டு: அம்புலன்சில் போனால் வரிசையை முந்தலாம் என்பது. அப்படியில்லை. அம்புலன்சில் வந்தவரையும் தாதி அதே அளவுகோலால்தான் தரம் பிரிக்கிறார்; வருத்தம் சிறிதென்றால் படுக்கையிலிருந்து எழுப்பிக் காத்திருப்பு மண்டபத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிள்ளை குளிசையையோ துப்புரவுத் திரவத்தையோ விழுங்கிவிட்டது, ஆனால் நன்றாக விழிப்புடன் இருக்கிறது என்றால், நஞ்சுத் தகவல் நிலையத்தை 1-844-764-7669 என்ற எண்ணில் அழையுங்கள். வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாமா, வைத்தியசாலைக்குப் போக வேண்டுமா என்று சொல்வார்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் 911. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

2. வந்திறங்கிய முதல் கிழமையிலேயே ஹெல்த் காட்டுக்கு விண்ணப்பியுங்கள்

ஓஹிப் எனப்படும் மாகாணச் சுகாதாரக் காப்புறுதிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று உறவினர்கள் இன்னமும் சொல்வார்கள். அந்த விதி 2020 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டது. தகுதியுள்ளவர் விண்ணப்பித்து ஏற்கப்பட்டதும் காப்புறுதி தொடங்கும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். மூன்று வகை ஆவணங்களின் அசல்கள் தேவை. பிரதியையோ கைபேசியில் எடுத்த படத்தையோ நம்பிப் போகாதீர்கள்.

முதலாவது, உங்கள் குடிவரவு நிலையைக் காட்டும் ஆவணம்: நிரந்தர வதிவிட அட்டை, அது இன்னும் வராவிட்டால் நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரம், அகதியாக ஏற்கப்பட்டதைக் காட்டும் பத்திரம், அல்லது வேலை அனுமதி. வேலை அனுமதியில் வந்தவர்கள், ஒன்ராறியோவிலுள்ள நிறுவனம் ஒன்றில் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முழுநேர வேலை உண்டு என்று முதலாளி கையொப்பமிட்ட கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். கடிதம் இல்லாமல் போய்த் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, ஒன்ராறியோவில் வசிப்பதைக் காட்டும் ஆவணம். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாமா வீட்டு பேஸ்மன்டில் தங்கியிருப்பவருக்கு வாடகை ஒப்பந்தமும் இருக்காது, அவர் பெயரில் மின்சார பில்லும் இருக்காது. ஆகவே, முதல் வேலையாக வங்கிக் கணக்கைத் திறந்து அந்த முகவரியைக் கொடுத்து, தபாலில் வரும் முதல் வங்கிக் கூற்றைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளச் சீட்டு, ஒன்ராறியோ சாரதி அனுமதிப்பத்திரம், பிள்ளையின் பள்ளி அறிக்கை போன்றவையும் ஏற்கப்படும். மூன்றாவது, பெயரும் கையொப்பமும் உள்ள அடையாள ஆவணம். கடவுச்சீட்டும் கடன் அட்டையும் இதற்குப் போதும். ஒரே ஆவணத்தை இரண்டு வகைக்கும் காட்ட முடியாது என்பதால் ஒன்றிரண்டு கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.

நம் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தந்தை பெயர் ஒரு பத்திரத்தில் முதலிலும் இன்னொன்றில் கடைசியிலும் வரும். வங்கியில் ஊழியர் சுருக்கி எழுதியிருப்பார். எல்லா ஆவணங்களிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன் ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கியில் திருத்துவது எளிது, சேர்விஸ் ஒன்ராறியோ மேசையில் நின்றுகொண்டு விளக்குவது எளிதல்ல.

அட்டை தபாலில் வரச் சில கிழமைகள் எடுக்கும். அதுவரை, விண்ணப்பித்தபோது தரும் தாளைப் பணப்பையில் வைத்திருங்கள். பேஸ்மன்டில் இருப்பவர்கள் தபால் பெட்டியில் தங்கள் பெயரையும் ஒட்டிவிடுவது நல்லது. வீடு மாறினால் 30 நாட்களுக்குள் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும். காட் கிடைத்துவிட்டது என்று ஊருக்குத் திரும்பி நீண்ட காலம் தங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் 183 நாட்களில் 153 நாட்களும், அதன்பின் எந்த 12 மாதத்திலும் 153 நாட்களும் ஒன்ராறியோவில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

3. சுகமாக இருக்கும்போதே குடும்ப வைத்தியரைத் தேடுங்கள்

இது மாதக் கணக்கில் இழுக்கக்கூடிய வேலை. ஆகவே, காட் எண் கையில் கிடைத்த அன்றே தொடங்க வேண்டும். மாகாண அரசின் ஹெல்த் கெயர் கனெக்ட் சேவையில் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்தால், உங்கள் பகுதியில் புதிய நோயாளரை எடுக்கும் வைத்தியருடன் இணைத்துவிடுவார்கள். பதிந்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வைத்தியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ வைத்தியர் கல்லூரியின் இணையப் பதிவேட்டில், வைத்தியர்களை அவர்கள் பேசும் மொழியைக் கொண்டு தேடலாம். தமிழ் என்று தெரிவுசெய்தால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பலரைக் காணலாம். ஒவ்வொரு கிளினிக்காக அழைத்து, புதிய நோயாளரை எடுக்கிறார்களா என்று கேளுங்கள். புதிதாகத் திறந்த கிளினிக்குகளில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வைத்தியர் ஏற்றுக்கொண்டதும் பதிவுப் படிவம் ஒன்றில் கையொப்பம் வாங்குவார்கள். அவசர நிலையிலும் பயணத்திலும் தவிர, வருத்தம் வந்தால் முதலில் அவரையே தொடர்புகொள்வதாக அதில் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். படிக்காமல் கையொப்பமிட்டுவிட்டு, முன்பதிவில்லாமல் போகும் வோக்-இன் கிளினிக்குகளைக் கிழமைக்கு ஒன்றாகச் சுற்றினால் வைத்தியர் அதை விரும்பமாட்டார். அன்றைக்கே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: மாலையிலும் சனி ஞாயிறிலும் அவருடைய குழு நடத்தும் கிளினிக் எங்கே, எத்தனை மணி வரை? இப்படிப் பதிந்துகொள்ளும் குழுக்கள் பெரும்பாலும் அந்த வசதியை வைத்திருக்கின்றன. ஆனால், கேட்காதவருக்கு எவரும் வலியச் சொல்வதில்லை. அந்த நேர அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினால், பாதி எமேர்ஜென்சிப் பயணம் குறையும்.

4. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் 811

811ஐ அழைத்தால் பதிவு பெற்ற தாதி ஒருவர் பேசுவார். இரவு பகலாக இயங்கும் இலவசச் சேவை. அழைக்க ஹெல்த் காட் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஆங்கிலம் தயங்கினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். இணைப்புக்குச் சிறிது நேரம் எடுக்கலாம், அழைப்பை வைத்துவிடாதீர்கள். வீட்டிலேயே கவனிக்கலாம், நாளை வைத்தியரைப் பாருங்கள், இப்போதே எமேர்ஜென்சிக்குப் போங்கள் என்பவற்றில் ஒன்றைத் தெளிவாகச் சொல்வார்கள். அவர்கள் வருத்தத்தைப் பெயரிட்டுக் கண்டுபிடிப்பதுமில்லை, மருந்து எழுதுவதுமில்லை. பக்கத்தில் திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடித் தருவார்கள்.

5. மருந்தகத்தில் முடியும் காரியங்கள்

புதியவர்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் எனக்கு மிகப் பயன்பட்டதும் இதுதான். ஒன்ராறியோவில் 2023 ஜனவரியிலிருந்து மருந்தாளர்களே சில சிறு வருத்தங்களுக்கு மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் பட்டியல் 19 வருத்தங்களாக விரிந்தது. கண் சிவந்து பீளை கட்டுதல், பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சலத் தொற்று, நெஞ்செரிவு, மூலம், ஒவ்வாமைத் தும்மல், தோல் அழற்சி, பூச்சிக்கடி, உண்ணிக்கடி, சுளுக்கு, மாதவிடாய் வலி, வாய்ப்புண், முகப்பரு, குழந்தையின் டயப்பர் புண், கீரைப்பூச்சி, கர்ப்பகாலச் சத்தி ஆகியவை அதில் அடங்கும். ஹெல்த் காட்டைக் காட்டினால் மருந்தாளர் பார்த்து ஆராய்வதற்குக் கட்டணம் இல்லை; மருந்தின் விலை வேறு. ஆண்களுக்குச் சலத் தொற்று வந்தாலோ, காய்ச்சலும் முதுகுப்பக்க வலியும் சேர்ந்திருந்தாலோ மருந்தாளர் உங்களை வைத்தியரிடம் அனுப்பிவிடுவார்.

ஏற்கெனவே இங்குள்ள வைத்தியர் எழுதிய வழமையான மருந்து முடிந்துவிட்டால், அதை நீட்டித்துத் தரவும் மருந்தாளருக்கு அதிகாரம் உண்டு. போதை தரும் வலி நிவாரணிகள் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். ஆனால், இலங்கையிலோ இந்தியாவிலோ எழுதிய மருந்துச் சீட்டுக்கு இங்குள்ள மருந்தகம் மருந்து தராது. பெற்றோரை அழைப்பவர்கள், வழமைக் குளிசைகளைப் போதிய அளவு, பெயர் ஒட்டிய உறையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே வோக்-இன் வைத்தியர் ஒருவரிடம் காட்டி இங்கே எழுதி வாங்கிவிட வேண்டும். ஞாயிறு இரவு குளிசை தீர்ந்து எமேர்ஜென்சியில் ஏழு மணி நேரம் இருப்பதை இது ஒன்றே தவிர்த்துவிடும்.

ஓஹிப் வைத்தியரின் செலவைத்தான் ஏற்கிறது, வீட்டுக்கு வாங்கும் மருந்தின் செலவை அல்ல. தனியார் காப்புறுதி இல்லாத 24 வயது வரையானவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் மாகாண மருந்துத் திட்டங்கள் உண்டு. இடைப்பட்ட வயதினர் வேலையிடக் காப்புறுதியைப் பார்க்க வேண்டும். வருமானத்தோடு ஒப்பிட மருந்துச் செலவு மிக அதிகமென்றால் ட்ரிலியம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

6. வோக்-இன் கிளினிக்கும் அர்ஜன்ட் கெயரும்

காதுக்குத்து, தொண்டை நோ, நீங்காத இருமல், தோல் கட்டி போன்றவற்றுக்கு வோக்-இன் கிளினிக் போதும். ஓஹிப் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. பூட்டும் நேரம் இரவு எட்டு என்று எழுதியிருந்தாலும், அன்றைய எண்ணிக்கை நிறைந்தால் ஆறரைக்கே பதிவை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் ஒரு அழைப்பு எடுங்கள். அர்ஜன்ட் கெயர் நிலையங்கள் சில வைத்தியசாலைகளோடு சேர்ந்தவை. எக்ஸ்ரே, தையல் போன்ற வசதிகள் அங்கே இருப்பதால், சிறு முறிவுக்கும் வெட்டுக்காயத்துக்கும் எமேர்ஜென்சியை விடப் பொருத்தமானவை. இரவில் அவை பூட்டப்பட்டுவிடும், எல்லா ஊரிலும் இல்லை. இணையவழி வைத்தியர் சேவைகளில் சில கடன் அட்டை எண்ணைக் கேட்கும். ஓஹிப் ஏற்குமா என்பதைப் பார்த்த பின்பே எண்ணைக் கொடுங்கள்.

7. எமேர்ஜென்சிக்குத்தான் போக வேண்டும் என்றால்

கொண்டுபோக வேண்டியவை: ஹெல்த் காட், குடிக்கும் எல்லா மருந்துகளும் அவற்றின் போத்தல்களோடு ஒரு பையில், சூரணமும் லேகியமும் உட்பட, ஒவ்வாமை விபரம், குடும்ப வைத்தியரின் பெயர், கைபேசிச் சார்ஜர், பிள்ளை என்றால் டயப்பரும் மாற்றுடுப்பும். தரிப்பிடத்துக்கு மணிக்கணக்கில் காசு போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூட வருபவர் உங்களை இறக்கிவிட்டு வீடு திரும்புவது பல நேரங்களில் மலிவு.

முதலில் பார்ப்பவர், வந்தவர்களை வருத்தத்தின் கடுமைப்படி தரம் பிரிக்கும் ட்ரியாஜ் தாதி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பார். விரல் நுனியில் கவ்வியை மாட்டி, குளிர்ச் சட்டையின் கையை மேலே ஏற்றச் சொல்லி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கேள்விகளைக் கேட்பார். அவருக்கு அதிக நேரமில்லை. நம்மவர்கள் “போன கிழமை ஒரு கல்யாண வீட்டுக்குப் போனனாங்கள்” என்று தொடங்குவது வழக்கம். கல்யாண வீட்டிலிருந்து வயிற்றுவலிக்கு வந்து சேர்வதற்குள் தாதி அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். எது, எப்போது தொடங்கியது, எப்படி மாறியது என்பதை முதல் இரண்டு வசனங்களில் சொல்லுங்கள்: “நேற்று மாலை ஆறு மணியிலிருந்து வலது அடிவயிற்றில் வலி, நடந்தால் கூடுகிறது. இரண்டு தரம் சத்தி, 38.6 காய்ச்சல், நான்கு மணிக்கு டைலனோல் குடித்தேன்.” இதைக் கிளம்பும் முன் தாளில் எழுதிக்கொண்டால் பதற்றத்தில் மறக்காது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள். பல வைத்தியசாலைகளில் தொலைபேசியில் இணைப்பார்கள். தாயின் வருத்தத்தைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பது பிள்ளைக்கும் பாரம், தகவலும் பிழைபடும்.

கனடாவில் எல்லா எமேர்ஜென்சிகளும் வந்தவர்களை ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றன. முதல் நிலை உயிர்மீட்பு, உடனே பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு 15 நிமிடம், மூன்றாவதற்கு 30, நான்காவதற்கு 60, ஐந்தாவதற்கு 120 நிமிடம் என்பவை அதற்கென வகுத்த இலக்குகள். இலக்குகள்தான், உத்தரவாதம் அல்ல. குளிர்காலத்தில் காய்ச்சலும் இருமலும் பரவும் மாதங்களில் நான்காம், ஐந்தாம் நிலைக்காரர் இரவு முழுவதும் இருக்க நேரிடுவது சாதாரணம். உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னே அழைக்கப்பட்டால் யாரோ செல்வாக்குப் பாவித்தார் என்று எண்ண வேண்டாம். சில வைத்தியசாலைகள் அப்போதைய காத்திருப்பு நேரத்தைத் தங்கள் இணையத்தளத்தில் காட்டுகின்றன. கிளம்பும் முன் பார்க்கலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் சில. காய்ச்சலை வைத்தியர் “நேரில் காண” வேண்டும் என்று பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் கொண்டுவருவது வேண்டாம். கொடுங்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்து வாருங்கள், அவர்கள் அந்தக் குறிப்பை நம்புவார்கள். அடுத்தது, முன்னே கூப்பிடுவார்கள் என்று கால்வலிக்காரர் நெஞ்சும் வலிக்கிறது என்று சேர்த்துச் சொல்வது. ஈசிஜி எடுப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், சில மணி நேரம் கழித்து அதே இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்வார்கள்; கால் அப்படியே இருக்க, வீடு போகும் நேரம்தான் தள்ளிப்போகும். வயிற்றுவலிக்காரருக்குத் தாதியைக் கேட்காமல் சாப்பாடு கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அது தடையாகும். காத்திருக்கும்போது வலி கூடினாலோ புதிதாக ஏதாவது தோன்றினாலோ எழுந்து போய்ச் சொல்லுங்கள். மறுபடி பார்த்து நிலையை மாற்ற அவர்களால் முடியும். பேசாமல் மூலையில் அழுதுகொண்டிருப்பவரை அவர்கள் கவனிக்காமல் போகலாம். பொறுமை இழந்து வீடு போவதென்றாலும் சொல்லிவிட்டே போங்கள்.

எமேர்ஜென்சியில் கிடைக்காதவற்றையும் அறிந்திருப்பது நல்லது. மாதக்கணக்கான முழங்கால் வலிக்கு அங்கே போனால் எம்.ஆர்.ஐ உடனே எடுப்பார்கள் என்பது உண்மையல்ல. பல் பிடுங்கமாட்டார்கள், வலிக்கு மருந்து தந்து பல் வைத்தியரிடம் அனுப்புவார்கள். குடிவரவு மருத்துவப் படிவம் நிரப்பமாட்டார்கள். வேலையிடத்துக்குச் சுகவீனக் கடிதம் வாங்குவதற்காக அங்கே நிற்பவர்களுக்கு ஒரு செய்தி: மாகாண வேலைச் சட்டம் தரும் மூன்று நாள் சுகவீன விடுப்புக்கு வைத்தியர் கடிதம் கேட்க 2024 ஒக்டோபர் 28 முதல் முதலாளிக்கு உரிமை இல்லை. இதை மேலாளர் அறியாமல் இருக்கலாம். அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

8. வெளியே வந்த பின்

வெளியேறும்போது தரும் தாளில், எந்த அறிகுறி தோன்றினால் திரும்பி வர வேண்டும், யாரை எத்தனை நாட்களில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். விளங்காததை அங்கேயே கேளுங்கள். அறிக்கை குடும்ப வைத்தியருக்குத் தானாகப் போகும் என்று சொல்லப்பட்டாலும், இரண்டு நாள் கழித்து அழைத்து வந்துவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள்.

விசேட வைத்தியரிடம் அனுப்பியிருந்தால் அவருடைய அலுவலகம் உங்களை அழைக்கும். அந்த அழைப்பு எண் மறைக்கப்பட்டு வருவது வழக்கம். மோசடி அழைப்புகளுக்குப் பயந்து நாம் தெரியாத எண்ணை எடுப்பதில்லை. புதியவர்கள் பலர் குரல் அஞ்சலை அமைத்திருப்பதுமில்லை, அல்லது அது நிறைந்து கிடக்கும். முறை அப்படியே கைநழுவிப் போகும். ஆகவே, வீட்டுக்கு வந்தவுடன் குரல் அஞ்சலை உங்கள் பெயர் சொல்லி அமைத்துவிடுங்கள். இரண்டு கிழமையில் எவரும் அழைக்காவிட்டால் தாளில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

9. ஹெல்த் காட் இல்லாதவர்கள்

வருகை விசாவிலும், பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான சூப்பர் விசாவிலும் வந்த பெற்றோருக்கு ஓஹிப் இல்லை. சர்வதேச மாணவர்களுக்கும் இல்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்கு யூஹிப் என்ற திட்டமும், கல்லூரி மாணவர்களுக்குக் கல்லூரி ஏற்பாடு செய்யும் தனிக் காப்புறுதியும் உண்டு. அட்டையைத் தரவிறக்கி வைத்திருங்கள். அகதிக் கோரிக்கையாளர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது; கிளினிக்கில் அது ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். காப்புறுதி அற்றவர்களின் செலவை மாகாணம் கொரோனாக் காலத்தில் ஏற்றுக்கொண்டது, ஆனால் அந்த ஏற்பாடு 2023 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. பழைய தகவலை நம்பிப் போகாதீர்கள்.

சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 டொலர் பெறுமதியும் ஒரு வருடக் காலமும் கொண்ட காப்புறுதி கட்டாயம். மலிவானதைப் பார்த்து வாங்கும் முன், ஏற்கெனவே உள்ள வருத்தங்கள் பற்றிய பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, பயணத்துக்கு முன் குறிப்பிட்ட காலம் வருத்தம் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஊர் வைத்தியர் குளிசையின் அளவைக் கூட்டியிருந்தால்கூட அது நிலையற்றது என்று கணக்கிடப்படலாம். விண்ணப்பத்தில் வருத்தத்தை மறைப்பது எல்லாவற்றையும் விட ஆபத்தானது. பின்னர் வைத்தியசாலைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்துக் கோரிக்கையை மறுத்துவிடுவார்கள்.

பெற்றோருக்கு வருத்தம் வந்தால், உயிராபத்து இல்லாதவரை, காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை முதலில் அழையுங்கள். பல ஒப்பந்தங்களில் இது நிபந்தனை. அழைக்காவிட்டால் தரும் பணத்தைக் குறைப்பார்கள். எந்தக் கிளினிக்குக்குப் போகலாம் என்றும் அவர்களே சொல்வார்கள். உயிராபத்து என்றால் முதலில் 911. உள்ளே போன பின் உறவினர் ஒருவர் அழைக்கலாம். உயிராபத்தில் உள்ளவரைக் காப்புறுதி இல்லை என்று எந்த வைத்தியசாலையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். ஆனால் பில் வரும், அதுவும் ஒன்றல்ல: வைத்தியசாலைக் கட்டணம் ஒன்று, வைத்தியருடையது வேறு, ஸ்கான் பார்த்து அறிக்கை எழுதியவருடையது வேறு, அம்புலன்ஸ் 240 டொலர் வேறு. ஆகவே, தடிமனுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அவர்களை எமேர்ஜென்சிக்குக் கொண்டுபோகும் முன் 811ஐ அழையுங்கள், பின்னர் பக்கத்து வோக்-இன் கிளினிக்குகளை அழைத்து, காட் இல்லாதவருக்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். இடத்துக்கு இடம் வேறுபடும். காப்புறுதியே இல்லாதவர்களைச் சமூகச் சுகாதார நிலையங்கள் சில பார்க்கின்றன. இடம் குறைவு, பதிவு வேண்டும். உங்கள் பகுதியில் எது என்பதை 211ஐ அழைத்து அறியலாம்.

பில்கள் கிழமைக் கணக்கில் பிந்தி, தனித்தனி உறைகளில் வரும். ஒவ்வொன்றையும் ஏற்கெனவே கட்டிய பற்றுச்சீட்டுகள், வெளியேறும் தாள், மருந்துச் சீட்டு, கடவுச்சீட்டில் கனடாவுக்குள் நுழைந்த முத்திரையுள்ள பக்கம் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் சேருங்கள். கோரிக்கைப் படிவத்தை அனுப்பக் காலக்கெடு உண்டு. கடைசி பில் வரும்வரை காத்திராமல், வந்தவற்றை முதலில் அனுப்பி, மீதி பின்னர் வருமென்று குறிப்பிடுங்கள். அசல்களை அனுப்புவதற்கு முன் எல்லாவற்றுக்கும் பிரதி எடுங்கள். பெற்றோர் அதற்குள் ஊர் திரும்புவதாக இருந்தால், கோரிக்கைப் படிவத்திலும், உங்களோடு பேச நிறுவனத்துக்கு அனுமதி தரும் படிவத்திலும் அவர்கள் விமானம் ஏறும் முன்பே கையொப்பம் வாங்கிவிடுங்கள்.